கட்டுத்தரைக்கும் காட்டுக்கும் இடையே

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடு எனப்படுவது, கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளரவிட்டு, மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே தலைமுறைகளாகக் காக்கப்பட்டுவரும் மானாவாரி மேய்ச்சல் நிலமாகும். மழை குறைந்த இம்மண்ணில் காங்கேயம் மாட்டினம் நிலைத்திருப்பதற்கு இந்நிலம் பெரிதும் துணைநின்றது என்பதைக் கால்நடை அறிவியலார் விரித்து எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகளில் புல்லுக்கும் மரத்துக்கும் கிடைத்த இடம், மாடு கட்டும் இடமான கட்டுத்தரையில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

பயிர் தரும் தட்டு, அதாவது கதிர் நீங்கிய தாள், மாட்டுக்குத் தீவனமாகவும், மாடு தரும் சாணம் பயிருக்கு எருவாகவும் திரும்பும் முறையே கலப்புப் பண்ணையம். பாடநூற்படங்களில் இவ்விரண்டையும் ஓர் அம்புக்குறி இணைக்கிறது. களத்தில் அந்த அம்புக்குறி ஒரு பெண்ணின் தலைச்சுமை. பொழுது விடியும் முன் கட்டுத்தரையில் குனிந்து, இளஞ்சூடு மாறாத சாணத்தை வெறுங்கையால் வழித்து, மாடு கழித்துப்போட்ட தட்டுத் துண்டுகளையும் மூத்திரம் ஊறிய மண்ணையும் அதனுடன் கூட்டி அள்ளி, சும்மாடு வைத்துக் கூடையைத் தலையேற்றி அவர் குப்பைமேட்டுக்கு நடக்கும்போது, கூடையின் அடியில் கசியும் நீர் பிடரி வழியே முதுகில் இறங்குகிறது. ஒரு நடையில் இது முடிவதில்லை. முடிந்த கையோடு பால் கறந்து, சொசைட்டி வண்டி வருவதற்குள் கொண்டுசேர்க்கவும் வேண்டும்.

மேட்டாங்காட்டில், அதாவது பாசனமற்ற மேட்டு நிலத்தில், சோளத்தோடு பச்சைப்பயறும் தட்டைப்பயறும் மொச்சையும் கலந்து விதைக்கப்படுவதன் நோக்கம், மழை பொய்த்தால் ஒன்றாவது கைகொடுக்கும் என்பதே. ஆனால் பச்சைப்பயறு முதலில் முற்றி, அதுவும் ஒரே நாளில் முற்றாமல், காய்காயாகப் பலமுறை பறிக்கப்பட வேண்டியிருக்க, சோளம் அதன்பின்னும் மொச்சை கடைசியிலும் கைக்கு வருவதால், நிலத்தின் இடரைப் பிரித்துத் தாங்கும் அதே முறை பெண்ணின் அறுவடையை மாதக்கணக்கில் நீட்டிவிடுகிறது. கலப்புப் பயிரைப் புகழ்வோர் இந்த விலையைக் கணக்கில் கொள்ளாதது பெருங்குறை. தட்டு அறுக்கும் நாட்களில் அதன் சுனை, அதாவது உடலில் பட்டால் அரிப்பூட்டும் நுண்மயிர், கழுத்திலும் முழங்கையிலும் தடிப்புகளை எழுப்புவதால், சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டே பெண்கள் காட்டில் இறங்குகின்றனர்.

ஆண்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் விசைத்தறிக்கும் சென்றுவிட்ட வீடுகளில், எந்த ஆட்டை எப்போது விற்பது, எந்தக் கொறங்காட்டை அடைத்துப் புல் தழைக்கவிடுவது என்னும் முடிவுகளும் பெண்களிடமே வந்துசேர்ந்துள்ளன. உரிமை அவ்வாறு வந்துசேரவில்லை. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இலேயே இயற்றியது எனினும், அப்போதே மணமாகியிருந்த மகள்களை அது சேர்க்கவில்லை; 2005-இல் நடுவணரசின் திருத்தம் அவ்விலக்கை நீக்கிய பின்னும், உடன்பிறந்தவனிடம் பங்கு கேட்டால் தாய்வீட்டு உறவு அறுந்துவிடும் என்னும் அச்சத்தில் விடுதலைப் பத்திரத்தில், அதாவது தம் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணத்தில், கையொப்பமிடும் பெண்கள் பலர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் பெண்கள் நடத்துவதாகப் பதிவான சாகுபடி அலகுகள் ஏறத்தாழ 14 விழுக்காடே. பயிர்க்கடனுக்கும் இழப்பீட்டுக்கும் நில ஆவணமே கேட்கப்படுவதால், காட்டின் ஒவ்வொரு உழவுச்சாலும் எந்த விதையைக் கேட்கும் என அறிந்த பெண், பட்டாவில் பெயருள்ளவர் திருப்பூரிலிருந்து வந்து கையொப்பமிடும் நாளுக்காகக் காத்திருக்கிறார்.