முற்றத்துப் புல்லில் முள்

உங்கள் வீட்டு முற்றத்தில் புல் வளர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் ஓர் ஈர்க்கிலை எடுத்துப் புல்லின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். எங்காவது சிற்றிலைகள் சோடி சோடியாக மடிந்து, காம்பும் தலை சாய்த்தால் தொட்டாற்சுருங்கி குடிவந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். சிங்களத்தில் இதை நிதிகும்பா என்பார்கள். நிதி என்றதும் செல்வம் என்று எண்ணிவிடாதீர்கள், அங்கே அது நித்திரை!

அமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து வந்த செடி இது. இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு முடிச்சுக்குள் நீரின் அழுத்தம் குறைவதால்தான் இலை சோர்கிறது. சில நிமிடங்களில் நிமிர்ந்துவிடும். சிறுவர்களுக்கு நல்ல வேடிக்கைதான். ஆனால் தண்டில் வளைந்த முள் இருக்கிறதே!

குண்டசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அஸருக்குப் பிறகு வெறுங்காலோடு உலாவுவது உம்மாவுக்குப் பிரியம். அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம்; பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒரு நாள் விறாந்தையில் இரத்தத் துளிகளைக் கண்டு நாங்கள் பதறியபோதுதான், முள் ஏறியதே அவருக்குத் தெரியவந்தது. அந்தச் சிறு புண் ஆற ஐந்து வாரமாயிற்று. சீனி வருத்தக்காரர் உள்ள வீட்டில் இது அழகுக்காகப் பிடுங்கும் களை அல்ல.

"மருந்து அடித்துவிடுங்களேன்" என்றார் பக்கத்து வீட்டு நானா. கிளைபோசேற்றை 2015இல் நம் நாட்டில் தடை செய்தார்கள், பின்னர் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் அது களையோடு புல்லையும் கொன்றுவிடும். அகன்ற இலைக் களைகளை மட்டும் தாக்கும் மருந்துகளும் உண்டு. அவையும் மண்ணில் உறங்கும் விதையை ஒன்றும் செய்யா. கெட்டித் தோலுடைய அந்த விதைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து முளைக்கும். குழந்தைகள் புரளும் இடத்தில் மருந்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது, தடித்த கையுறை போட்டு, சிறு மண்கரண்டியால் ஆணிவேரோடு கிளப்புங்கள். இளஞ்சிவப்புப் பூப்பந்து தோன்றுமுன் செய்துவிட வேண்டும். பிந்தினால் ஓரமெல்லாம் சுணையுள்ள காய்கள் சாரத்திலும் பூனையின் உரோமத்திலும் ஒட்டி மூலைக்கு மூலை போய்ச் சேரும். காய்த்த செடியை உரக்குழியில் போடவே வேண்டாம்.

புல்லை ஒட்ட வெட்டினால் களை ஒழியும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இந்தச் செடி நிலத்தோடு படுத்துக் கிளைவிடும், மெலிவது புல்தான். அகன்ற இலைப் புல்லை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு, இடைக்கிடை மக்கிய எரு போடுங்கள். அவரைக் குடும்பத்துச் செடியாதலால் தொட்டாற்சுருங்கி வேர் முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள நைதரசனைப் பெற்றுக்கொள்ளும். புல்லுக்கு அந்த வசதி இல்லை, மெலிந்த மண்ணில் தோற்றுப்போகும்.

வீட்டு வேலைக்கு ஆற்று மணல் பறிப்பவர்களுக்கு இன்னொன்று. இதன் பெரிய உறவான இராட்சதத் தொட்டாற்சுருங்கி 1990களில் கண்டிப் பகுதியில் மகாவலிக் கரையில் கண்டறியப்பட்டது. ஆளுயரத்துக்கு மேல் வளரும் முட்புதர் அது. அதன் விதை ஆற்று நீரோடும் மணலோடும் பயணம் போகும். சிறிய செடியின் காம்பு நுனியில் இரண்டு, நான்கு கிளையிலைகள் விரல்போல் விரியும்; பெரியதில் அவை காம்பின் இருபுறமும் பல சோடிகளாக வரிசை கட்டும். மணல் குவித்த இடத்தில் அப்படியொரு நாற்று முளைத்தால், விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.