ஷாம்போலியோன் தெருவில் லோன்ஸ்டேல்

பாரிஸின் ஷாம்போலியோன் தெருவைத் தெரு என்று சொல்வதே அதிகம். சோர்போன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கல் பாவிய சந்து அது. அதற்குள் மூன்று சினிமாக் கொட்டகைகள்: முனையில் 1938இல் திறந்த ஷாம்போ, உள்ளே தள்ளி ஃபிலிமோதெக், ரெஃப்லே மெதிசிஸ். பழைய படங்களுக்குப் பேர்போன இடம். லா சப்பல் பக்கம் நான் குடியிருந்த காலத்தில், கார் து நோரில் ரயிலேறினால் இரண்டாவது நிறுத்தத்தில் சேன் மிஷேல். அப்புறம் கொஞ்சம் நடை. மதியக் காட்சிக்கு நாலைந்து கிழவர்களும் ஒரு மாணவியும் இருந்தால் கூட்டம் என்று பேர். ஃபிலிமோதெக்கின் சிவப்பு அரங்குக்கு மர்லின் என்றும் நீல அரங்குக்கு ஆட்ரி என்றும் பெயர் வைத்திருந்தார்கள்.

பெயர் என்னவோ அந்த நாயகிகளுக்குத்தான். அங்கே எனக்கு அடிக்கடி எதிர்ப்பட்டவரோ நடிகர் மிஷேல் லோன்ஸ்டேல். ஆர்சன் வெல்ஸ் படமென்று போனால் அதில் பாதிரியாராக வருவார். புனுவேல் படத்திலும் இருப்பார், ட்ரூஃபோ படத்திலும் இருப்பார். சுவரொட்டியில் அவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1931இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயர், அம்மா பிரெஞ்சுக்காரி. இரண்டு மொழியும் வாய்த்ததால் இரண்டு பக்கமும் வேலை கிடைத்தது.

ட்ரூஃபோவின் ‘திருடிய முத்தங்கள்’ (1968) படத்தில் அவர் செருப்புக்கடை முதலாளி. துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து, தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை, காரணத்தைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்கிறார். வேறொருவர் செய்திருந்தால் கோமாளித்தனமாகப் போயிருக்கும். இவர் வரவு செலவுக் கணக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். அரங்கில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும்.

அதில் அவருடைய மனைவியாக வருபவர் டெல்ஃபின் செய்ரிக். இருவருமே தானியா பலஷோவாவிடம் நடிப்புப் பயின்றவர்கள். ‘தி டே ஆஃப் த ஜக்கால்’ (1973) படத்தில் கொலைகாரனிடம் சிக்கி உயிர்விடும் சீமாட்டி செய்ரிக். அந்தக் கொலைகாரனை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி லெபெலாக லோன்ஸ்டேல். கசங்கிய கோட்டும் தூக்கமில்லாத முகமுமாக, அமைச்சர்கள் கூடியிருக்கும் மேஜையின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருக்கும் விதம் ஒன்றே போதும்.

பிறகு மார்கரீத் த்யூராஸின் ‘இந்தியா சாங்’ (1975). கதை 1930களின் கல்கத்தாவில் நடக்கிறது. படம் பிடித்ததோ பாரிஸை ஒட்டிய ஒரு பழைய மாளிகையில். மருந்துக்குக்கூட இந்தியா இல்லை. நமக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். நடிகர்கள் வாய் திறப்பதில்லை. குரல்கள் எங்கிருந்தோ வருகின்றன. பிரெஞ்சுத் தூதரின் மனைவியாக வரும் செய்ரிக்கைக் காதலிக்கும் லாகூர் துணைத் தூதர் லோன்ஸ்டேல். மறுக்கப்பட்ட அந்த மனிதரின் அலறல் திரைக்கு வெளியே நீண்டுகொண்டே போகிறது. அந்த அலறலுக்கு முன் நம் சிரிப்பு செல்லாக்காசு. கைகூடாத ஒரு காதலால்தான் தான் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று லோன்ஸ்டேலே பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

அப்படி அலறியவர் நான்கே ஆண்டில் ‘மூன்ரேக்கர்’ (1979) என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் மனித குலத்தையே ஒழிக்கப் பார்க்கும் ஹ்யூகோ டிராக்ஸ் ஆனார். படம் சுமார்தான். ஆனால் கொலை உத்தரவை அத்தனை மென்மையாக, சலிப்போடு சொல்லும் வில்லன் பாண்ட் படங்களில் அபூர்வம். ‘தி நேம் ஆஃப் த ரோஸ்’ (1986) படத்தின் மடாதிபதியும், ஸ்பீல்பெர்க்கின் ‘ம்யூனிக்’ (2005) படத்தில் ரகசியங்களை விற்கும் குடும்பத்தின் மூத்தவரும் அதே தாழ்ந்த குரல்காரர்கள்தாம்.

சேவியர் போவுவாவின் ‘தேவர்களும் மனிதர்களும்’ (2010), அல்ஜீரியாவின் திபிரின் மடத்திலிருந்து 1996இல் கடத்தப்பட்ட துறவிகளைப் பற்றிய படம். அதில் லோன்ஸ்டேல் மருத்துவத் துறவி லூக். காதல் என்றால் எப்படித் தெரியும் என்று கிராமத்துப் பெண் ஒருத்தி கேட்கிறாள். தானும் பலமுறை காதலித்தவன், பிறகு அதைவிடப் பெரிய அன்பு ஒன்று வந்தது, அதன் பின்னால் போய்விட்டேன் என்கிறார் அந்தக் கிழவர். இந்த வேடத்துக்குத்தான் 2011இல் சிறந்த துணை நடிகருக்கான செசார் விருது கிடைத்தது. எண்பதை நெருங்கிய வயது.

2020 செப்டம்பரில் அவர் பாரிஸில் காலமானார். லோன்ஸ்டேலை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் செருப்புக்கடையைத்தான் கைகாட்டுவேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘மூன்ரேக்கர்’. கல்கத்தா இல்லாத அந்தக் கல்கத்தாவை மட்டும் தூக்கம் வராத நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.