பழைய காரை மாற்றும் முன் வீட்டில் பேசுங்கள்

கார் என்றதும், "அது ஆண்கள் விவகாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அரிசி வாங்கவும் பெருநாளைக்குத் துணி எடுக்கவும் நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். ஆனால், வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் கொட்டி வாங்கும் வாகனத்தில் நம்மிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் நிறம் மட்டும்தான்! அந்தக் காரில் கைக்குழந்தையோடு ஏறுவது யார்? முழங்கால் வலியோடு இருக்கும் மாமியைக் கைபிடித்து இறக்குவது யார்? தவணை கட்டுவதற்காக மாதக் கடைசியில் குசினிச் செலவைச் சுருக்குவது யார்? நாம்தானே! அப்படியானால் இதில் வாய் திறக்கும் உரிமையும் நமக்கு உண்டு, பொறுப்பும் உண்டு.

நாங்கள் இருப்பது ராகலையில். நுவரெலியாவிலிருந்து ஹாவாஎலிய, கந்தப்பளை என்று தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி வரும் பாதை எங்களுடையது. கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கும் மேலான இடம். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. 1904ல் ராகலைக்கு வந்த அந்த ரயில் 1940களில் நின்று போயிற்று. அதன் பிறகு எங்களுக்கு ரோட்டை விட்டால் வேறு வழியில்லை. பஸ், ஓட்டோ, கார் எதுவானாலும் அதே வளைவு, அதே பனிமூட்டம், அதே பள்ளம்!

என் கணவருக்கு பஜாரில் கடை. எங்கள் கார் 1990களின் கடைசியில் ஜப்பானில் செய்யப்பட்ட ஒரு செடான். தாழ்ந்த உடம்பு, பின்னால் சிறகு, ஐந்து கியர், மிதித்தால் சீறிப் பாயும் எஞ்சின். அந்தக் காலத்து இளைஞர்களுக்கு இப்படிப்பட்ட கார் என்றால் உயிர். காரணமும் இருந்தது. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருடங்கள் பின்லாந்து வீரர் டொம்மி மாக்கினென் மிட்சுபிஷி லான்சரில் உலக ரேலி பட்டத்தை வென்றார். நுவரெலியாவிலோ, மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் 1930களிலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரல் வந்தால் அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். என் கணவரும் அவர்களில் ஒருவர்தான்.

காருக்கு வயதாகிவிட்டது. கராஜ் பாஸ் கைகழுவவில்லை. ஆனால் பழைய சாமான் தேடி கண்டி, கொழும்பு என்று அலைய வேண்டியிருக்கிறது. மாமிக்கு அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்பவே முடிவதில்லை. ஒரு நாள் இரவு மாமிக்கு மூச்சிரைப்பு அதிகமாகி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கந்தப்பளை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. பனியில், இருட்டில், மாமியின் நெஞ்சைத் தடவிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். பின்னால் வந்த மரக்கறி லொறிக்காரர்தான் எங்களை ஏற்றிப் போனார். மாமி சுகமாகித் திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்கே என் கணவர் சொன்னார்: "இனி இதை மாற்றத்தான் வேண்டும்."

எதை வாங்குவது? இங்கேதான் பிரச்சினை தொடங்கியது. மகனுக்கு 19 வயது. "வாப்பா, இதைவிட வலுவான டர்போ செடான் எடுப்போம்" என்றான். கணவரின் மனதும் அதில்தான். தெரிந்தவர் ஒருவர் கொழும்பில் ஒரு கார் இருப்பதாகச் சொன்னார். பணம் போதாது. மிச்சத்துக்கு லீசிங். முன்பணத்துக்கு, மகளின் மேற்படிப்புக்காக நாங்கள் சேர்த்து வைத்திருந்த தொகையும் என் வளையல்களும்! கணவர் அதைக் கேட்கவில்லை, கேட்காமல் என் கையைப் பார்த்தார். எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பார்வை புரியும்.

நான் சண்டை போடவில்லை. "மஷூரா செய்து முடிவெடுப்போம்" என்று மட்டும் சொன்னேன். இஷாவுக்குப் பிறகு மாமி, கணவர், மகன், மகள், நான் என்று ஐந்து பேரும் உட்கார்ந்தோம். ஒரு கொப்பியில் எழுதி எழுதிப் பேசினோம். அந்தக் கொப்பியில் இருந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

காலம் எப்படி இருக்கிறது?

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறிப்போனது. புதிதாக வருவனவற்றுக்கும் வரி அதிகம். எஞ்சினின் சீசீ கூடக்கூட உற்பத்தி வரியும் கூடும். பெறுமதி ஓர் எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரியும் சேரும். ஆகவே பெரிய எஞ்சின் என்பது வாங்கும்போதும் செலவு, ஓடும்போதும் செலவு.

2022ஐ மறந்துவிட முடியுமா? அந்த ஆண்டின் தொடக்கத்தில் லீட்டர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல் ஜூன் மாதம் 470 ரூபாயானது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர்தான் கிடைத்தது. அப்படி ஒரு நாள் திரும்ப வந்தால் எந்தக் கார் நம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்? இதைத்தான் கேட்க வேண்டும்.

மலைக்கு எது பொருந்தும்?

அதிகம் விற்பனையாகும் 660 சீசீ ஜப்பானியச் சிறிய கார்கள் பெட்ரோலைச் சேமிப்பவை, உயரமானவை, ஏறி இறங்கச் சுகமானவை. ஆனால் ஜப்பானியச் சட்டப்படி அந்த வகைக் காரில் நான்கு பேர்தான் அமரலாம். நாங்கள் ஐந்து பேர். இன்னொன்றும் உண்டு. எங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அந்த அளவு குறையும். கொழும்பில் துள்ளி ஓடும் சிறிய கார், ஐந்து பேரோடும் அரிசி மூட்டையோடும் கந்தப்பளை ஏறும்போது ஏன் மூச்சு வாங்குகிறது என்று இப்போது விளங்குகிறதா?

ஹைபிரிட் கார் மலைக்கு நல்லதே. இறக்கத்தில் வீணாகும் சக்தியை பெற்றரியில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் நீண்ட இறக்கத்தில் பெற்றரி நிறைந்துவிட்டால் அந்த உதவி குறைந்துவிடும். அப்போது எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பழைய ஹைபிரிட் வாங்குவதென்றால் பெற்றரியைப் பரிசோதிக்காமல் வாங்காதீர்கள். பல ஹைபிரிட் கார்களில் பெற்றரியைக் குளிர வைக்கும் காற்றுத் துவாரம் பின் சீற்றின் ஓரத்தில் இருக்கும். பிள்ளைகளின் பையையும் சால்வையையும் அதன் மேல் போட்டு அடைத்து விடாதீர்கள்.

மின்சாரக் கார்? வீட்டிலேயே சார்ஜ் செய்ய இடமும், ஒழுங்கான மின்சாரமும், பழுது பார்க்கப் பக்கத்தில் ஆளும் இருப்பவர்களுக்கு நல்லது. காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, வீட்டில் இருக்கும் ஒரே வாகனமாக அது வேண்டாம் என்று எழுதிக்கொண்டோம்.

உயிருக்கு என்ன பாதுகாப்பு?

மகள் கேட்ட கேள்வி இது. எங்கள் பழைய காரில் ஏர்பேக் இல்லை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. பனியிலும் மழையிலும் நனைந்த ரோட்டில் இது பெரிய குறை. இரண்டும் உள்ள காராக இருக்க வேண்டும் என்று முதலிடத்தில் எழுதினோம். ஆனால் ஏர்பேக் இருந்தால் மட்டும் போதாது. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017ல் வங்குரோத்தானது. பழைய ஜப்பானியக் கார் வாங்குவோர், செசி நம்பரைக் கொடுத்து அந்தக் காரின் ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று முகவரிடம் கேட்பது கட்டாயம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தையை மடியில் வைத்து முன் சீற்றில் உட்காருவது நம் வழக்கம். கார் திடீரென மோதி நின்றால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. விரியும் ஏர்பேக்கே பிள்ளைக்கு எமனாகலாம். குழந்தைக்கான தனி இருக்கையைப் பின் சீற்றில் பூட்டிப் பழகுங்கள். வளையல் வாங்கும் பணத்தில் ஒரு பகுதி போதும்.

மகன் அதுவரை தன் டர்போவை விடவில்லை. கணவர்தான் பேசினார். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். "பந்தயத்துக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே அப்படி என்றால், ஸ்கூல் பிள்ளைகள் நடக்கும் தோட்ட ரோட்டில் நமக்கு எதற்கு மகன் அந்த வேகம்?" என்றார். வேகத்தை விரும்பிய மனிதரின் வாயிலிருந்து அது வந்ததால் மகன் தலை குனிந்தான்.

மாமி கடைசியாகத்தான் பேசினார். "எனக்கு ஏறி இறங்க ஏலுமான வண்டி போதும். பேத்திட படிப்புக் காசில ஏறிப் போக எனக்கு விருப்பமில்ல." அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

பணம் எங்கிருந்து?

லீசிங் என்றால் வட்டி. அதில் நம் வீடுகளில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. வட்டியில்லாத வழிகளும் உண்டு. அமானா வங்கி 2011ல் தொடங்கியதிலிருந்து வட்டியில்லா முறையில் இயங்கி வருகிறது. இஜாரா எனும் வாடகை முறையும், முராபஹா எனும் இலாப விற்பனை முறையும் இப்போது நம்மவர்களுக்குப் பழக்கமாகி விட்டன. ஆனால் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், தவணை பிந்தினால் என்ன நடக்கும், கார் சேதமானால் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் அந்தத் தவணையும் கடை வருமானத்துக்குப் பாரமாகவே தெரிந்தது. பழைய காரை விற்ற பணமும் கையிருப்பும் எவ்வளவோ, அதற்குள் ஒரு கார் என்று முடிவு செய்தோம். மகளின் பணமும் என் வளையல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

விற்கும்போதும் ஒரு சோதனை வந்தது. பழைய காரைப் பார்க்க ஹட்டனிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். காரைக் கண்டதும் அவர் கண்ணில் என் கணவரின் பழைய ஆசை தெரிந்தது. கேட்ட விலையைத் தரத் தயாராக இருந்தார். என் கணவரோ, "தம்பி, இது ஏற்றத்தில் சூடாகும். இரண்டாவது கியர் சில நேரம் விழாது. கீழ்த்தகட்டில் துருவும் இருக்கிறது" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். விலை குறைந்தது. மகன் முகம் சுருங்கினான். ஈரமான தானியத்தைக் காய்ந்ததின் கீழ் மறைத்து விற்ற வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்த சம்பவத்தை அன்றிரவு கணவர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னார். குறைந்த அந்தத் தொகையை நாங்கள் நட்டமாக எழுதவில்லை.

வாங்கியது எது என்று கேட்பீர்கள். ஐந்து பேர் அமரக்கூடிய, சற்று உயரமான, 1300 சீசீ பெட்ரோல் கார். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. கொம்பனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது வேறாக இருக்கலாம். என் கணவருக்கு அதில் பழைய காரின் சுகம் இல்லைதான். ஆனால் மாமி இப்போது யாருடைய கையும் பிடிக்காமல் ஏறி உட்காருகிறார்.

சகோதரிகளே! பாவித்த கார் வாங்கப் போனால் இவற்றை மறக்க வேண்டாம்:

நன்கு தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிப் போங்கள். தரையில் ஓட்டிப் பார்த்தது போதாது, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் பொருந்துகிறதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு ஒப்பிடுங்கள்.

வீட்டில் உள்ள வயதானவரை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அவர் முகம் சொல்லும் பதிலை எந்த விற்பனைக்காரரும் சொல்ல மாட்டார்.

வாங்கியதும் பிரேக் ஒயிலை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழசானால் நீண்ட இறக்கத்தில் கொதித்து பிரேக் பிடிக்காமல் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இறக்கத்தில் எப்போதும் சிறிய கியரில் இறங்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு நல்ல கார் என்றாலும் மலை சரியும் நாளில் அதை வெளியே எடுக்க விடாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகம் பட்ட பாட்டைக் கண்டவர்கள் நாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். பேசாமல் வாங்கிய கார் வாசலில் நிற்கும், மனதில் பாரமும் நிற்கும். பேசி வாங்கியதில் பரக்கத் உண்டு. இன்ஷா அல்லாஹ், உங்கள் பயணங்கள் எல்லாம் சுகமாக அமையட்டும்!