இறாலுக்கு இரங்கிய படம்

வேற்றுக்கிரகவாசிகள் என்றால் நேராக அமெரிக்காவுக்குத்தான் வருவார்கள், நாலு கட்டடத்தை உடைப்பார்கள், கடைசியில் அடி வாங்கிக்கொண்டு போவார்கள். 2009ல் வந்த 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில் கப்பல் ஜோஹன்னஸ்பர்க் மேலே வந்து நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பதோ பட்டினியில் கிடக்கும் அகதிகள். (முடிவு வரை பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் உஷார்!)

தலைப்பிலேயே வரலாறு இருக்கிறது. கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966ல் நிறவெறி அரசு வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அறிவித்தது. 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். படத்தில் விக்கஸ் என்ற அதிகாரி குடிசை குடிசையாகப் போய் காலி செய்யும் நோட்டீஸில் கையெழுத்து கேட்கிறான். கிறிஸ்டோபர் என்ற வேற்றுக்கிரகவாசி சட்டம் பேசினால், உன் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வேன் என்று மிரட்டுகிறான். காகிதத்தில் எல்லாம் முறைப்படி நடந்ததாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் படத்தில் இவர்களை 'இறால்' என்று திட்டுவது வெள்ளையர்கள் மட்டுமில்லை. இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப் இதற்கு முன் எடுத்த குறும்படத்தில் சில பேட்டிகள் வரும். வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய புகார் மாதிரி இருக்கும். உண்மையில் அவர் தெருவில் போனவர்களிடம் கேட்டது நைஜீரியா, ஜிம்பாப்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி! 2008 மே மாதம் தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டினருக்கு எதிரான கலவரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். நேற்று விரட்டப்பட்டவர்களே இன்று விரட்டுகிறார்கள் என்பதுதான் படத்தில் என்னை உறுத்திய விஷயம்.

விக்கஸ் நல்லவன் கிடையாது. முட்டைகளை எரித்துவிட்டு ஜோக் அடிப்பவன். தன் கை 'இறால்' கையாக மாறும்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. கிறிஸ்டோபரின் நிலைமை இன்னும் சிக்கல். விக்கஸைக் குணப்படுத்துவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தன் இனத்தவரை அறுத்துப் போட்டிருப்பதைப் பார்த்தபிறகு, முதலில் ஊருக்குப் போய் உதவி கொண்டுவருகிறேன், மூன்று வருஷம் பொறு என்கிறான். ஒருவனுக்குக் கொடுத்த வாக்கா, தன் ஜனங்களின் உயிரா? அவன் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். விக்கஸின் பதில், மண்வெட்டியால் ஒரு அடி.

இவ்வளவு யோசித்த படம் நைஜீரியர்களை என்ன செய்கிறது? துப்பாக்கி வியாபாரம், விபச்சாரம், வேற்றுக்கிரகவாசியின் மாமிசம் தின்பது. அந்தக் கும்பல் தலைவனுக்கு ஒபசாஞ்ஜோ என்கிற அந்நாட்டு முன்னாள் அதிபரின் பெயரை ஒத்த பெயர் வேறு. நைஜீரிய அமைச்சர் டோரா அகுன்யிலி 2009ல் தியேட்டர்களில் படத்தை நிறுத்தச் சொன்னார். தடை செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அகதிகளை வெறுப்பது தப்பு என்று சொல்லவந்த படம், அந்த ஊரில் நிஜமாகவே வெறுக்கப்பட்ட அகதிகளை வில்லன் ஆக்கிவிட்டது.

கற்பனை இறாலுக்காகக் கண் கலங்குவது சுலபம், நமக்கு அதனோடு பழைய பகை எதுவும் இல்லை. பக்கத்துத் தெருவில் குடிவந்த வெளியூர்க்காரனிடம்தான் சோதனையே. படத்தைக் கட்டாயம் பாருங்கள். நைஜீரியர்கள் வரும் காட்சிகளை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.