உறக்கம் என்னும் நம்பிக்கை

கம்பம் பள்ளத்தாக்கின் பல வீடுகளில் சேவல் கூவுமுன்பே பொழுது விடிந்துவிடுகிறது. ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இருள் பிரியுமுன் தெருமுனையில் வந்து நிற்கின்றன. கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே இடுக்கி மலைக்குச் சென்று, காய் எடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்புகையில் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை குழந்தை வளர்வது அப்பத்தாவின் மடியிலோ அம்மாச்சியின் மடியிலோதான்.

எங்கள் தெருவிலும் அத்தகைய வீடு ஒன்று உண்டு. அவ்வீட்டின் இரண்டு வயதுச் சிறுவன் இரவு பத்து மணியானாலும் கண்மூட மாட்டான். "பகலெல்லாம் சொன்ன பேச்சு கேக்குறான். அவ வந்துட்டா மட்டும் தூங்க மாட்டேங்குறான்" என்று அம்மாச்சி குறைபட்டுக்கொண்டார். அக்குறையிலேயே விடையும் இருந்தது. பிள்ளை உறக்கத்தை வெறுக்கவில்லை. தாயைப் பிரிய அஞ்சினான். கண் விழிக்கையில் அவள் அருகில் இருக்கமாட்டாள் என்பதை அவன் பட்டறிந்திருந்தான். நாம் அடம் என்று பெயரிடுவது பல வேளைகளில் அன்பின் ஏக்கமே அன்றோ!

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் நாள்தோறும் ஒழுங்காக அமைதல் வேண்டும். ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும் அது அறிவுறுத்துகிறது. இரவில் கண்ணில் படும் ஒளி, உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. அழுகையை அடக்கக் கைப்பேசியை நீட்டும்போது, உறக்கத்தையும் சேர்த்தே விரட்டுகிறோம்.

கோயில் மணியோசையில் வளர்ந்த நமக்கு ஒழுங்கு புதிதன்று. மாலை மணி ஒலித்ததும் மூவேளைச் செபம், பின் சோறு, குடும்பச் செபமாலை, விளக்கணைப்பு, சேலைத் தொட்டில், தாலாட்டு. கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தை இவ்வரிசையைக் கொண்டே இரவை அறிந்துகொண்டது. அடுத்து வருவது எதுவெனத் தெரிந்ததால் அஞ்சாமல் கண்மூடியது.

அவ்வீட்டிலும் இந்த வரிசை மீண்டது. தாய் வந்ததும் வெந்நீரில் குளியல், சோறு, சிறு செபம், பாட்டு. இறுதியில் அவள் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, "நீ முழிக்கும்போது அம்மாச்சி இருப்பாங்க, விளக்கு வச்சதும் அம்மா வந்துருவேன்" என்று உண்மையைச் சொல்வாள். முதல் சில நாள்கள் அழுதான். சொன்னபடியே அவள் மாலைதோறும் திரும்பி வந்ததைக் கண்டபின் அழுகை தணிந்தது; ஒன்பது மணிக்குள் உறங்கலானான். இதற்கு அவ்வீட்டுத் தந்தையின் கையும் துணைநின்றது. அடுப்பையும் பாத்திரங்களையும் அவர் ஏற்றுக்கொண்டதால்தான், களைத்து வந்தவளுக்குப் பிள்ளையோடு அமர ஒரு மணி நேரம் கிட்டியது. பிள்ளையின் உறக்கத்தைத் தாயின் தலைமேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

புயலின் நடுவே ஆண்டவர் படகில் உறங்கியதை மாற்கு நற்செய்தி கூறுகிறது. 131-ஆம் திருப்பாடலோ இறைவன்முன் அமைதிகொண்ட உள்ளத்தைத் தாய்மடிக் குழந்தைக்கு ஒப்பிடுகிறது. உறக்கம் என்பது நம்மையே இன்னொருவர் கையில் ஒப்படைப்பது. தன்னைக் காப்பவர் உண்டு என்னும் அந்த முதல் பாடத்தைக் குழந்தை மறைக்கல்வி வகுப்பில் அன்று, இரவுதோறும் பெற்றோரின் சொல் தவறாமையில்தான் கற்கிறது.