கீரிமலையில் மலை இல்லை

எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு மலை என்பது வெறும் சொல். குறிஞ்சித் திணையைக் கற்பிக்க நேரும் ஒவ்வோர் ஆண்டும் இவ்வுண்மை எம்மை வந்து இடிக்கும். 'மலையும் மலை சார்ந்த இடமும்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், எதிரே இருக்கும் முகங்களில் ஐயமும் இராது, தெளிவும் இராது. சுனையும் அருவியும் சாரலும் பரீட்சைக்கென்று மனனம் செய்யவேண்டிய கருப்பொருள்கள், அவ்வளவுதான். அவர்களைக் குறை கூறுவதெப்படி? கீரிமலை என்றோர் ஊர் எம்மிடம் உண்டு. அங்கே கேணி உண்டு, கடல் உண்டு, ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் தீர்க்கக் கூடும் மக்கள் உண்டு. மலை மட்டும் இல்லை.

நாமும் மலை காணாது வளர்ந்தவரே. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் மழையிலும் இருளிலும் கிழக்கு நோக்கி நடந்தபோது, தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நடந்த சிறு பிள்ளைகளுள் நாமும் ஒருவர். கண்டி வீதி 2002 இல் திறந்தது. 2006 இல் மீண்டும் மூடியது. போர் முடிந்த 2009 இன் பின்னரே ஒழுங்காகத் திறந்தது. பல்கலைக்கழகத்தில் குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களையும் தடையின்றி ஒப்புவித்த நாம், ஒரு குன்றை நேரிற் கண்டது பட்டம் பெறும் ஆண்டிலேதான். இதைச் சொல்ல எமக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு பத்தாந் தர மாணவரைப் பிதுரங்கலவுக்கு அழைத்துச் செல்வதென்று தீர்மானித்தோம். சீகிரியாவுக்கு வடக்கே, அதற்கு அயலிலே நிற்கும் பாறைக்குன்று அது. புதிதாக ஏறுபவர்க்கு ஏற்ற பாறை. பெரும்பகுதி காட்டுக்குள்ளே செல்லும் படிகள். கடைசியிற் சிறிது தூரமே கையையும் காலையும் ஊன்றிக் கற்பாளங்களின் மேலே தவழ்ந்து ஏறவேண்டும். கயிறும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

மாணவியருட் பலரை வீட்டார் விடவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்குப் பாறை என்னத்துக்கு?" என்று ஒரு தாயார் எம்மையே கேட்டார். இலங்கையர் எவரும் எவரெஸ்ட் சிகரத்தில் காலடி வைக்காதிருந்த காலத்தில், 2016 மே 21 ஆம் நாள் முதலில் அங்கே நின்றவர் ஜயந்தி குரு உதும்பல என்னும் பெண் என்று எடுத்துச் சொன்னோம். அம்மையார் கேட்டுக்கொண்டார், மகளை மட்டும் அனுப்பவில்லை.

கட்டணம் செலுத்தாதோர் பட்டியலில் ஒரு மாணவனின் பெயர் கடைசிவரை நின்றது. கணக்கிற் பின்தங்கியவன், அடிக்கடி பள்ளிக்கு வராதவன், ஆசிரியர் அறையில் 'மந்தம்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவைக்கப்பட்டவன். அந்தச் சொல்லை நாமும் மறுத்ததில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் அவனுடைய தந்தையார் பணத்தோடு வந்தார். கிணறு வெட்டுபவர், மீள்குடியேறிய காணிகளில் தூர்ந்துபோன கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்பவர். விரல் இடுக்குகளில் வெண்சுண்ணாம்புத் தூள். ஆசிரியர் அறை வாசலுக்கு வெளியே நின்றபடியே பணத்தை நீட்டினார். உள்ளே மூன்று கதிரைகள் வெறுமையாக இருந்தன. வந்து இருங்கள் என்று எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

பாறையின் அடிவாரத்தில் விகாரை ஒன்று உண்டு. காசியப்பன் (ஆட்சி 477–495) சீகிரியாவைத் தன் தலைநகராக்கியபோது, அங்கிருந்த பிக்குகளைப் பிதுரங்கலவுக்கு மாற்றினான் என்பது வரலாறு. படிகளில் ஏறிச் சென்றால், தொங்கும் பாறையின் கீழே செங்கல்லாற் கட்டிய சயனப் புத்தர் சிலை. அதுவரைக்கும் எமது பிள்ளைகள் பாட்டும் கூத்துமாகவே வந்தார்கள். அதன் பின் வழி முடிந்து பாறை தொடங்கியது, பாட்டு நின்றுவிட்டது.

யானைகள் முதுகை உரசிக் கிடப்பதுபோலக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. ஓரிடத்தில் இரண்டு பாளங்களின் இடுக்கால் உடலைச் சரித்து நுழைய வேண்டும். அடுத்த பாளமோ தோளுயரம். வகுப்பின் முதல் மாணவன் அங்கே உறைந்து நின்றான். அவனுக்குப் பின்னால் நின்ற எமக்கும் முழங்கால் நடுங்கியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். அவ்வேளையில் 'மந்தம்' என்று நாம் முடித்துவைத்த பையன் செருப்பைக் கழற்றி இடுப்பிற் செருகிக்கொண்டு, எம்மைக் கடந்து மேலே போனான். போய்த் திரும்பி, பாறையின் விளிம்பில் குந்திக்கொண்டு சொன்னான்:

"சேர், கையாலை இழுக்காதேங்கோ. காலாலை எழும்புங்கோ. ஒரு கால் வைச்சு உறுதி எண்டு தெரிஞ்ச பிறகுதான் மற்றதை எடுக்கோணும். அப்பா கிணத்துக்கை அப்பிடித்தான் இறங்குறவர்."

பாறையேற்றத்தைக் கலையாகப் பயில்வோர் முதற் பாடமாகக் கற்பது இதையே. இரு கை, இரு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பிடியில் இருக்கவேண்டும். உடலின் பாரம் காலில் தங்கவேண்டும், கையில் அன்று. இறங்கும்போது பாறையை நோக்கியே இறங்கவேண்டும். நாம் இதனை நூலிற் படித்தோம். அவன் கிணற்றிற் கற்றிருந்தான். மலையில்லாத ஊரில் மலையேற்றம் தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்தக் கணத்திலேதான் எமக்குப் புலப்பட்டது. எமது குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் மேலேதான் கிடக்கிறது. ஆறு இல்லாத நிலம். குடிநீரும் தோட்டத்து நீரும் கல்லின் அடியிலேதான். அலவாங்கும் வெடியும் கொண்டு அந்தக் கல்லைப் பிளந்து, கயிற்றில் இறங்கி, நீரைக் கண்டு தந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பாறை புதிதா?

அவன் கையை நீட்டினான். முதல் மாணவன் அந்தக் கையைப் பார்த்தான். ஒரு கணம் தயங்கினான். வேற்றூரார் கண்டிருந்தால் அதைப் பாறையின் அச்சம் என்றே எண்ணியிருப்பர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எமக்கு அந்தத் தயக்கத்தின் பொருள் தெரியும். கிணற்றை வெட்டியவனே அந்தக் கிணற்றில் நீர் அள்ள முடியாதிருந்த ஊர் எம்முடையது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது 1957 இல். அதன் பின்னரும் கீரிமலைக்கு அணித்தாயுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள்ளே கால் வைக்கும் உரிமைக்காக 1968 இல் மக்கள் வாசலில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. சட்டமும் போராட்டமும் கதவுகளைத் திறந்தன. ஆனால் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்டது, பதினைந்து வயதுப் பிள்ளையின் விரல் நுனியில் இன்னும் ஒட்டிக்கிடக்கிறது.

பாறை காத்திருக்கவில்லை. பின்னால் வரிசை நெருங்கியது. கால் வழுக்கத் தொடங்கியது. முதல் மாணவன் கையைப் பற்றினான், மேலே இழுபட்டான். அடுத்து நாம். அந்த உள்ளங்கை காய்த்து மரத்துப்போயிருந்தது. இருபத்துமூன்று பேரும் அந்த ஒரு கையைப் பற்றித்தான் மேலே சேர்ந்தோம்.

உச்சி அகன்ற வெறும் பாறை. எதிரே சீகிரியா, காட்டின் நடுவே தனியே நின்றது. அதன் இரும்புப் படிகளில் மனிதர் எறும்பாய் ஊர்ந்தனர். 1853 இல் அடம்ஸ், பெய்லி என்னும் இரு ஆங்கிலேயர் அதன் உச்சியை அடைந்ததை வரலாறு பெயரோடு குறித்து வைத்திருக்கிறது. அதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன், செங்குத்துப் பாறையிலே தொங்கியபடி படிகளுக்குப் பள்ளம் வெட்டிய உளியாளர் ஒருவரின் பெயரையேனும் எவரும் குறிக்கவில்லை. ஆயினும் அங்கே கண்ணாடிச் சுவரிலே, 8 முதல் 10 ஆம் நூற்றாண்டு வரை வந்து போனவர்கள் சிங்களத்திற் கீறிவைத்த பாட்டுகள் இருக்கின்றன. செனரத் பரணவிதான 1956 இல் அவற்றுள் 685 பாட்டுகளைப் படித்து வெளியிட்டார். பிக்குகளும் பெண்களும் எழுதியவை அவற்றில் உண்டு. அரசனின் கோட்டை பாழான பின்னும், பார்க்க வந்தவர்களின் குரல் சுவரில் நிலைத்துவிட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அவன் மட்டும், "பள்ளம் வெட்டினவை எழுதேல்லையோ சேர்?" என்று கேட்டான். எம்மிடம் விடை இல்லை.

ஊர் திரும்பியதும் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். பஸ்ஸில் அவனுக்கருகில் இடம்பிடிக்கப் போட்டி நடந்தது உண்மை. அடுத்த வாரம் வகுப்பில் அவன் பழைய கடைசி வாங்கில், பழையபடி தனியே இருந்ததும் உண்மை. மாரி தொடங்குமுன் கிணற்று வேலை நெருக்கடியானது. அவன் வரவு நின்றது. தவணைப் பரீட்சையில் அவன் பெயருக்கு நேரே ஒரு சிறு கோடு விழுந்தது. பாறையைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் புள்ளி போட எமது பாடத்திட்டத்தில் இடமில்லை; கூலி இல்லாத நாளுக்கு ஈடு செய்ய எமது கல்வித் திணைக்களத்தில் வழியில்லை. திறமையின்மை அவனிடமா, எம்மிடமா?

ஒரு சனிக்கிழமை, வலிகாமம் வடக்கில் அவர்கள் வேலை செய்த காணியைத் தேடிச் சென்றோம். தந்தையார் கிணற்றின் அடியில்; மகன் கட்டில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தான். எம்மைக் கண்டதும் அவர் கீழிருந்தே, "வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்று குரல் கொடுத்தார். இருக்க அங்கே கதிரை இல்லை. வெட்டி எடுத்த கற்குவியலின் மேலே துவாயை விரித்து இடம் காட்டினான் பையன். அன்று ஆசிரியர் அறையில் நாம் சொல்லாத சொல்லைக் கிணற்றின் அடியிலிருந்து அவர் சொல்லிவிட்டார்.

இருந்தோம். திங்கள் முதல் மாலையில் ஒரு மணி நேரம் அவன் வீட்டிலே கணக்குச் சொல்லிக் கொடுப்பதென்று பேசி முடித்தோம். இது பெரிய காரியமன்று. ஒரு காலை ஊன்றியிருக்கிறோம், அவ்வளவே. உறுதி என்று தெரிந்தபின் அடுத்த காலை எடுக்கவேண்டும்.