கண்ணுக்குள் செல்லும் மழுங்கிய முனை

கண் அறுவைச் சிகிச்சையின் கைக்கருவிகளுள் வெட்டுவன சில, பற்றிப் பிடிப்பன சில, திசுக்களை விலக்கியும் தாங்கியும் பிரித்தும் தருவன சில. ஸ்பாட்டுலா எனப்படுவது இவற்றுள் கடைசி வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 12 செ.மீ. நீளமுள்ள உலோகக் கைப்பிடி ஒன்றின் முனையில், சற்றே வளைந்து, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் தட்டையாக்கப்பட்ட மெல்லிய அலகு ஒன்று அமைந்திருக்கும். அந்த அலகுக்கு விளிம்பு உண்டு, நுனியும் உண்டு, ஆனால் இரண்டிலும் கூர்மை என்பது மருந்துக்கும் இருக்கலாகாது. கத்தி மழுங்கிப்போனால் முதல் கீறலிலேயே அறுவை மருத்துவரின் விரல் அதை உணர்ந்துவிடும். ஸ்பாட்டுலாவின் விளிம்பில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத பிசிறு ஒன்று நின்றுவிட்டாலோ, அது எதையேனும் கிழித்த பிறகுதான் தெரியவரும். ஆகவே இக்கருவியின் செய்நேர்த்தி முழுவதும் மழுக்கத்தை உண்டாக்குவதிலும் அந்த மழுக்கத்தைக் காப்பாற்றுவதிலும் அடங்கியிருக்கிறது.

இந்தக் கண்டிப்பின் காரணம் கண்ணின் அளவுகளில் இருக்கிறது. கருவிழியின் மேல் கண்ணாடிபோல் அமைந்த கார்னியா நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமன் கொண்டது. அதற்கும் ஐரிஸ் எனப்படும் நிறத் திரைக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள முன்னறையின் ஆழம் சுமார் 3 மி.மீ. மட்டுமே, லென்ஸைப் பொதிந்திருக்கும் உறையின் பின்புறச் சவ்வோ ஏறக்குறைய 4 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கு பங்கு. கண்புரை அறுவையில் கலங்கிய லென்ஸ் கருவை இச்சவ்வின்மேல் வைத்தே சுழற்றவும் நகர்த்தவும் வேண்டியிருக்கிறது. சவ்வு கிழிந்தால் பின்னிருக்கும் கூழ்போன்ற விட்ரியஸ் முன்னே வந்துவிடும். செயற்கை லென்ஸ் அமர இடமின்றிப் போகலாம். அறுவையின் போக்கே மாறிவிடும்.

திருவனந்தபுரத்தின் கண் மருத்துவமனைகளில் அறுவை நாள் காலையில் வரிசையாக அமர்த்தப்பட்டிருப்பவர்களுள், பாறசாலைக்கு அப்பாலிருந்து, மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் வந்த தமிழர்களை எளிதில் அடையாளம் காணலாம். 1956 நவம்பர் வரை ஒரே திருவிதாங்கூர் நிலமாக இருந்த பகுதி அது. மாநில எல்லை மாறிய பின்னும் மருத்துவத்துக்கு வடக்கே செல்லும் வழக்கம் மாறவில்லை. செவிலியர் மலையாளத்தில் பெயரையும் எந்தக் கண் என்பதையும் கேட்க, முதியவர் 'வலது கண்ணாக்கும் சிஸ்டரே' என்று குமரித் தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் ஒரு சொல்லும் தவறாமல் புரிந்துவிடுகிறது.

அரங்கினுள் நிலைமை வேறு. மருத்துவரின் கண்கள் நுண்ணோக்கியை விட்டு விலகுவதில்லை. கை மட்டும் பக்கவாட்டில் நீள்கிறது. ஸ்க்ரப் சிஸ்டர், அதாவது கை கழுவிக் கிருமிநீக்கிய உடையில் கருவித் தட்டின் பொறுப்பேற்று நிற்கும் செவிலியர், கேட்கப்பட்ட கருவியை அந்த விரல்களுக்கு இடையே வைக்கும்போது, அலகின் வளைவு எந்தத் திசையில் கண்ணுக்குள் செல்ல வேண்டுமோ அந்தத் திசையிலேயே வைத்தாக வேண்டும். தலைகீழாக வைத்தால் மருத்துவர் கண்ணை எடுத்துப் பார்க்க நேரும், அல்லது பாராமலே உள்ளே செலுத்த நேரும். வலக்கைக்கும் இடக்கைக்கும் இந்தத் திசை மாறும். இது பாடப்புத்தகத்தில் கற்பதைவிட, மூத்த செவிலியரின் அருகில் நின்றே கற்கப்படுகிற வித்தை. அறுவையின் முடிவில், வெட்டுவாயின் வழியே நழுவி வெளிவரப் பார்க்கும் ஐரிஸை மெல்ல உள்ளே தள்ளி அதன் இடத்தில் படியவைக்கும் ஸ்பாட்டுலாவுக்கு அரங்கில் 'ரிப்பாசிட்டர்' என்று பெயர். அது பட்ட இடத்தில் ஐரிஸின் நிறமி உதிராமல், கண்பாவை வட்டம் குலையாமல் இருப்பதே வேலை சரியாக நடந்ததற்குச் சான்று.

இக்கருவியின் அருமை முழுமையாகத் தெரிவது கார்னியா மாற்று அறுவையில். கார்னியாவின் மேலடுக்குகள் மட்டும் தழும்பேறிக் கெட்டு, உள்ளடுக்கு நலமாக இருக்கும்போது, உள்ளடுக்கை நோயாளியின் கண்ணிலேயே விட்டுவிட்டு மேலடுக்குகளை மாற்றும் முறை ஒன்று உண்டு. டெசிமெட் சவ்வு எனப்படும் அந்த உள்ளடுக்கு சுமார் 10 மைக்ரான் தடிமனுடையது. 2002இல் அன்வரும் டைக்மானும் விவரித்த 'பெருங்குமிழி' முறைப்படி, நுண்ணிய ஊசி வழியாகக் கார்னியாவின் ஆழத்தில் காற்று செலுத்தப்பட, சவ்வு மேலடுக்குகளை விட்டுக் குமிழியாகப் பிரிந்து கீழே இறங்குகிறது. அந்த இடைவெளிக்குள் மழுங்கிய ஸ்பாட்டுலா நுழைந்து, மேலடுக்கைச் சற்றே உயர்த்திப் பிடிக்கிறது. அதன் பிறகு கத்தி, ஸ்பாட்டுலாவின் முதுகின்மேல் ஓடியே மேலடுக்கை வெட்டுகிறது. கீழே பத்து மைக்ரான் சவ்வு, மேலே கூர்மையான எஃகு, நடுவில் காவலாக அரை மில்லிமீட்டர் அகலமுள்ள மழுங்கிய உலோகம். நுங்குச் சுளையின் தோலை உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் உரித்துப் பழகிய குமரி மாவட்டத்துக் கைகளுக்கு இதன் தத்துவம் விளக்காமலே விளங்கும். நுண்ணோக்கியோடு இணைந்த திரையில் இதைப் பார்க்கும்போது, கத்தி நகரும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பே ஸ்பாட்டுலா நகர்ந்திருப்பது தெரிகிறது.

வரலாற்றில் இதன் இடம் பழையது. 1747இல் ஜாக் தாவியேல் கலங்கிய லென்ஸைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கியபோது, வெட்டிய கார்னியாவைத் தூக்கிப் பிடிக்க அவருக்குச் சிறு ஸ்பாட்டுலா ஒன்று தேவைப்பட்டது. அதற்கு முந்தைய காலங்களில் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சலாகையால் லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடும் முறையே இருந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைகளைப் பதிந்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. 1905இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைனே, கண் நீரழுத்த நோய்க்காக வெண்விழிக்கும் அதன் உட்புறத் திசுவுக்கும் இடையே ஸ்பாட்டுலாவைச் செலுத்திப் பிரிக்கும் அறுவையை வகுத்தார். அந்த அறுவை இன்று அரிதாகிவிட்டபோதிலும், அதற்கென்று கண்கோளத்தின் வளைவுக்கு ஒத்து வளைக்கப்பட்ட நீண்ட அலகு மட்டும் 'சைக்ளோடயாலிசிஸ் ஸ்பாட்டுலா' என்ற பழைய பெயரிலேயே பல புதிய வேலைகளுக்குப் பயன்படுகிறது.

அறுவை அரங்குக்கு வெளியே, புறநோயாளிப் பகுதியில் பயன்படும் ஸ்பாட்டுலா ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். வயலில் நெல் அறுக்கும்போதோ தோப்பில் மட்டை விழும்போதோ கண்ணில் அடிபட்டுப் புண்ணானவர்களுக்கு, அந்தப் புண் பாக்டீரியாவாலா பூஞ்சையாலா என்று அறியாமல் மருந்து கொடுப்பது ஆபத்தானது. ஒன்றுக்குரிய மருந்து மற்றதைக் குணப்படுத்தாது. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த ஆய்வு, ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் கார்னியாப் புண்ணால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்திட்ட பின் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு உதவும் கருவி கிமுரா ஸ்பாட்டுலா. அதன் முனை பிளாட்டினத்தால் ஆனது. சுடரில் காட்டினால் உடனே செந்நிறமாகிக் கிருமி நீங்கும், விரைவில் குளிர்ந்தும் விடும் என்பதால் ஒரே நோயாளியிடம் அடுத்தடுத்து மாதிரி எடுக்க இயலும். விலை காரணமாகப் பல இடங்களில் இதற்குப் பதில் 15ஆம் எண் அறுவைக் கத்தியே பயன்படுகிறது. பழகிய கையில் அதுவும் குறைவற்றதே.

மற்ற ஸ்பாட்டுலாக்கள் துருப்பிடிக்காத எஃகாலோ டைட்டானியத்தாலோ செய்யப்படுகின்றன. டைட்டானியத்தின் அடர்த்தி எஃகைவிட நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைவு, அது காந்தமேற்பதில்லை. காந்தமேறிய எஃகுக் கருவி, தலைமயிரினும் மெல்லிய தையலின் ஊசியைத் தன்பால் இழுத்துக்கொண்டு தொல்லை தரும் என்பதை அறிந்தவர்கள் இந்தப் பண்பை மதிப்பார்கள். டைட்டானியக் கருவிகளின் நீல நிறம் சாயமன்று. மின்வேதி முறையில் மேற்பரப்பில் வளர்க்கப்பட்ட மிக மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி பட்டு எழும் நிறம். விளக்கொளியைத் திருப்பி மருத்துவரின் கண்ணில் அடிக்காமலிருக்க அது உதவுகிறது.

டைட்டானியத்தைப் பற்றித் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு எழுதும்போது மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்நாளைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சியிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அக்கடற்கரையின் கனிமச் செல்வத்தைக் கண்டறிந்தார். டைட்டானியத்தின் மூலப்பொருளாகிய இல்மனைட் அதே மணலில் மிகுதி. கொச்சுவேளியில் 1946இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை அதிலிருந்து வண்ணப்பூச்சுக்கான வெண்பொடியை உண்டாக்குகிறது. கொல்லத்தை அடுத்த சவறையில் 2011இல் தொடங்கிய, ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஆலைதான் உலோகமாகவே, 'டைட்டானியம் ஸ்பாஞ்ச்' என்ற துளைநிறைந்த வடிவில் தருகிறது. தும்பாவின் விண்வெளி மையம் பொருளுதவி செய்து எழுந்த அந்த ஆலையின் நோக்கம் விண்கலங்களும் பாதுகாப்புத் தளவாடங்களுமே. மணல் முதல் உலோகம் வரை ஒரே கடற்கரையில் இருந்தும், கண் மருத்துவக் கருவி செய்யும் தொழில் இக்கடற்கரையில் வேரூன்றாமல் போனது வருந்தத்தக்கது.

கருவி செய்யும் கைகள் ஜெர்மனியின் டுட்லிங்கனிலும், பாகிஸ்தானின் சியால்கோட்டிலும், மேற்கு வங்கத்தின் பாருய்ப்பூரிலும் திரண்டிருக்கின்றன. எங்கு செய்யப்பட்டாலும் ஸ்பாட்டுலாவின் கடைசிக் கட்டம் கைவேலைதான். கம்பியின் முனை தட்டையாக்கப்பட்டு, நுண்ணிய அரத்தால் உருவம் பெற்று, வளைக்கப்பட்டபின், விளிம்பு முழுவதும் உருண்டையாகும்வரை உருப்பெருக்கியின் கீழ் மெருகிடப்படுகிறது. எஃகு இதற்கு இசைந்து கொடுக்கும். டைட்டானியமோ அரத்தின் பற்களில் அப்பிக்கொள்ளும். திறந்த காற்றில் மிகச் சூடாக்கினால் ஆக்சிஜனை ஏற்று நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே அதை மெதுவாக, சூடேறவிடாமல், பொறுமையாகத் தேய்த்தாக வேண்டும். தயாரான முனையைப் பஞ்சின்மேல் இழுத்துப் பார்க்கும் சோதனை எளியது, ஆனால் கண்டிப்பானது: ஓர் இழை சிக்கிக்கொண்டாலும் முனை மீண்டும் மெருகுக்குத் திரும்ப வேண்டும்.

வாங்கிய நாளோடு இந்த உழைப்பு முடிவதில்லை. அறுவை முடிந்த கருவிகள் செல்லும் கழுவறையில் நிற்பவர்கள் மருத்துவ எழுத்துகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது என்றாலும் பொருந்தும். கண்ணுக்குள் நிரப்பப்படும் பிசின்போன்ற விஸ்கோஎலாஸ்டிக் கருவியின் மேல் காய்ந்துவிட்டால் எளிதில் போகாது என்பதால், கருவி உடனடியாகத் தண்ணீரில் இறங்க வேண்டும். மீயொலிக் கழுவியில் அதிர்வுற வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசப்பட வேண்டும். அதன் பின்னரே ஆட்டோகிளேவ், அதாவது 121 பாகை செல்சியஸ் நீராவியில் அழுத்தத்தோடு குறைந்தது 15 நிமிடம். நீராவி கிருமியைக் கொல்லும். ஒட்டியிருக்கும் சோப்பையோ இறந்த பாக்டீரியாவின் நச்சுப்பொருளையோ அது அழிக்காது. அவை முன்னறைக்குள் சென்றால், கிருமியே இல்லாமல், ஓரிரு நாளுக்குள் கண் சிவந்து கார்னியா வீங்கிவிடும். 'டாஸ்' என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் இந்த நிலை, ஒரே நாளில் அறுவை செய்துகொண்ட பலருக்கும் சேர்ந்தே வரக்கூடும். ஆகவே கழுவறையில் ஓர் அலசல் குறைவது பல குடும்பங்களைத் தொடும் செயல். உப்புக்காற்றும் ஈரமும் மிகுந்த இக்கடலோர நகரத்தில் உலர்த்தலும் அதே அளவு முக்கியம். ஈரம் நின்ற எஃகில் முதலில் பழுப்புப் புள்ளியும் பிறகு குழியும் விழும், குழி விழுந்த விளிம்பு மழுங்கிய விளிம்பன்று.

உலர்ந்த கருவிகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து, முனைக்குச் சிலிகோன் உறையிட்டு, ஒன்றோடொன்று உரசாதபடி சிலிகோன் விரிப்பின் மேல் அடுக்கும் பணியைச் செய்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஸ்பாட்டுலா கீழே விழுந்தால் அதன் முனை வளைந்துவிடும். வளைந்ததை மறைத்து அடுக்கிவிடாமல் எடுத்துச் சொல்வதற்கு, சொன்னவரைத் திட்டாத மேலாளர் வேண்டும். கருவி பராமரிப்புக்கென்றே பயிற்சி வகுப்புகளை நடத்தும் மதுரை அரவிந்த் மருத்துவமனையின் வழி இவ்விடத்தில் கருதத்தக்கது. அதை 1976இல் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னரே கண் அறுவை பயின்றவர். தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். கருவியைக் கைக்கேற்ப மாற்றலாம் என்று அறிந்த ஒருவர் வளர்த்த நிறுவனத்தில், அக்கருவியைப் பழுதுபார்ப்பதும் கற்பிக்கத்தக்க தொழிலாக மதிக்கப்பட்டது இயல்பே. திருவனந்தபுரத்திலும், குமரி மாவட்டத்திலும், அறுவை அரங்கு வைத்திருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு நுண்ணோக்கி, நல்ல அரங்கள், மெருகுப் பசை, பயிற்சி பெற்ற ஒருவர், அவருக்குத் தகுந்த ஊதியம் ஆகிய இவற்றை அறுவைச் செலவின் பகுதியாகவே எண்ணிச் செலவிடுவது அவசியம்.